சாமிகளுக்குச் சட்டம் போட்டவன்

சாமி படம் எழுதி, சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொடுக்கிற தொழிலில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வாடிக்கைக்காரர்கள் உண்டு. ஒருவர் கடைக்கு வந்து பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் படத்துக்குள் இருந்துகொண்டு வாயே திறக்க மாட்டார், குறை என்று வந்தால் இருவருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருமயத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை போட்டேன். அதற்கு முன் ஆறு வருஷம் தஞ்சாவூரில் படம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த மக்குப் பூசி, கல் பதித்து, மெல்லிசான தங்க ரேக்கு ஒட்டுகிற படம். திருமயத்தைச் சுற்றிச் செட்டிநாட்டு ஊர்கள். பெரிய வீடுகள், பெரிய பெரிய சுவர்கள். அந்தச் சுவர்களை நம்பித்தான் வந்தேன். மரவேலைக்கு என் மனைவியின் அண்ணன் சுப்பையா மச்சான் கூட வந்து சேர்ந்துகொண்டார். நான் சாமியைப் பார்த்துக்கொள்வேன், மச்சான் சட்டத்தைப் பார்த்துக்கொள்வார், வருகிறவர்கள் சொல்வதை இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம். கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இந்த மூன்றாவது வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்திருக்கும். ஜவுளியோ மளிகையோ எதுவானாலும் சரி, நீங்களும் என்னைப் போலப் பட்டிருப்பீர்கள். பட்டவர்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையாருக்கு ஸீட்

குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் புது வீடு கட்டி, கூடத்தில் மாட்ட மூன்றடிப் பிள்ளையார் படம் கேட்டிருந்தார். படம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போக வந்தவர், தூக்கிப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார். பலகை, சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அப்படி ஒரு கனம். “நானும் கூட வாரேன் ஸார்” என்று கிளம்பினேன். புதுக்கோட்டை பஸ்ஸில் கூட்டம். மேலே கேரியரில் போட்டுக் கயிறு கட்டினால் குலுக்கலில் மக்கு வெடித்துவிடும். கீழே வைக்கலாம் என்றால் அத்தனை பேர் கால் நடுவே பிள்ளையாரை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. வாத்தியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நின்றபடியே பிடித்துக்கொண்டு போனோம். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எனக்கு உயிரே போய் வரும்.

கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே எங்களிடம் வந்தார். படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து ஸீட்டில் வசதியாக உட்கார்ந்திருந்த மூன்று பேரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் உடனே எழுந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள், நல்ல பருமன், நகர்ந்து இடம் விட்டார், எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் அவரிடம் சொன்னார்: “நீங்களும் எந்திரிங்கய்யா. ரெண்டு வயிறு இந்த ஸீட்டு தாங்காது.”

கண்

படத்தில் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவோம். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, வாடிக்கைக்காரரை வரச் சொல்லி, அவர் முன்னால் திறப்போம். திறந்த கண்ணில் மறுபடி தூரிகை வைப்பதில்லை. அப்படித் திறந்து கொடுத்த ஒரு முருகனுக்கு ஒரு நாள் புகார் வந்தது. வந்தவர் ஒரு ஏட்டு. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சாராயம் பிடிப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. அன்றைக்கு யூனிபாரம் இல்லாமல் வேட்டியில் வந்து, மச்சான் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “எங்க வீட்டம்மா வாங்குன முருகன் இருக்குல்ல, அந்தக் கண்ணைக் கொஞ்சம் மாத்திக் குடுக்கணும்யா. நான் எங்கிட்டுப் போனாலும் என்னையே பார்க்குது. எதிர்ச் சுவத்துல மாத்தி மாட்டினேன், அங்கிட்டு இருந்தும் பார்க்குது. லேசா பக்கவாட்டுல, வள்ளி பக்கம் பார்க்குற மாதிரி வச்சிருய்யா, போதும்.”

முகம் நேராக இருந்து கருவிழி நடுவில் இருந்தால் எங்கே நின்றாலும் பார்க்கிற மாதிரிதான் தெரியும் என்று விளக்கினேன். திறந்த கண்ணைத் தொட முடியாது என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய்விட்டது. போலீஸ்காரர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாவமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த அவர் மனைவி கடைக்குள் எட்டிப் பார்த்தபோது, படத்தை வேண்டுமானால் அடுத்த அறையில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று பட்டும் படாமலும் சொன்னேன். அந்தம்மாள் சிரித்துவிட்டார். பிடிக்கிற சாராயம் முழுவதும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதில்லை, கொஞ்சம் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. படம் வந்த நாளிலிருந்து அது நின்றிருக்கிறது. போகும்போது சொன்னார்: “அவர் வந்து கேட்டா மாத்திராதீங்க. அவரைப் பார்க்கட்டும்னுதானே வாங்குனேன்? நான் ஒருத்தியே எம்புட்டு நாளைக்குப் பார்த்துக்கிட்டு இருக்குறது?”

பாகப் பிரிவினை

ஒரு நாள் காலை கடை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் போர்வை சுற்றிய பெரிய படம். வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவருக்கும் ஒரே மூக்கு. பத்து மைல் வண்டியோடு நடந்தே வந்திருக்கிறார்கள். வழியில் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று வண்டிக்காரர் என் காதில் சொன்னார். அண்ணன் தம்பிகள். அப்பா போன பிறகு நிலம், கிணற்று முறை, மாடு, அண்டா குண்டா வரைக்கும் பிரித்தாயிற்று. வீட்டுக் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்புகிறார்கள். அந்தச் சுவர் போகிற இடத்தில் மூன்று தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருந்த பட்டாபிஷேகப் படம் மட்டும் யாருக்கு என்று தீரவில்லை. பேசித் தீர்க்க வந்த பெரிய மனிதர்கள் கடைசியில் சலித்துப்போய், இரண்டாக அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

“அறுத்து ரெண்டு சட்டம் போட்டுத் தரணும்னு அவருகிட்டச் சொல்லுங்க” என்றார் தம்பி, என்னைப் பார்த்து. “நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்னு அவன்கிட்டச் சொல்லுங்க” என்றார் அண்ணன், அவரும் என்னைப் பார்த்து. போர்வையைப் பிரித்தேன். நல்ல கை எழுதிய பழைய படம். தங்கம் கொஞ்சமும் மங்கவில்லை. முடியாது என்று சொன்னால் வேறு எங்கேயாவது கொண்டுபோய் அறுத்துவிடுவார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மச்சானைப் பார்த்தேன். மச்சான் அளவு எடுத்தார். சரிபாதியைக் குறித்து, மேலிருந்து கீழே ஒரு நூலைக் கண்ணாடியின்மேல் இழுத்துப் பிடித்தார். “இதுதாங்க நடு. பார்த்துச் சொல்லுங்க, ரம்பத்தை எடுக்குறேன்” என்றார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரே சிம்மாசனத்தில் இருந்த ராமருக்கும் சீதைக்கும் நடுவே நூல் ஓடியது. குடை பிடித்த லட்சுமணன் ஒரு பாதியில், பரதனும் சத்துருக்கனும் மறு பாதியில். “அனுமார் யாருக்கு?” என்று கேட்டார் தம்பி. கீழே கைகூப்பி உட்கார்ந்திருந்த அனுமாரின் நெற்றி வழியாக நேராக இறங்கியிருந்தது நூல். அண்ணன் நூலை மச்சான் விரலிலிருந்து மெதுவாக எடுத்தார். ஏழு மாதமாகப் பேசாமல் இருந்தவர், தம்பியைப் பார்த்து நேராகப் பேசினார்: “ஒன் பக்கத்துச் சுவத்துலயே மாட்டிக்க. நான் வந்து கும்பிட்டுட்டுப் போறேன். அவுக ஒரு தடவை பிரிஞ்சு பட்டது போதாதா?”

வெள்ளைப் புடவை

புதுக்கோட்டையில் ஒரு ஆபீஸர் வீட்டில் சரஸ்வதி படத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளே ஆள் வந்தது. சுவரும் வெள்ளை, சரஸ்வதியும் வெள்ளை, எடுப்பாக இல்லை. ஸோபா பச்சையாக இருப்பதால் புடவையையும் பச்சையாக மாற்றித் தரவேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். நேரில் போய், சரஸ்வதி வெள்ளைப் புடவையில் வெள்ளைத் தாமரையில்தான் உட்காருவார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மாள் யோசிப்பதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஆணி தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனால், கூடம் முழுவதும் நீலச் சுவர், ஸோபாவுக்குப் புது உறை, ஜன்னலுக்குத் திரை. சரஸ்வதி நடுவில் பளிச்சென்று இருந்தார். ஆபீஸர் ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஆணி அடித்து முடித்ததும் பேப்பரை இறக்கிவிட்டுச் சொன்னார்: “படம் வாங்கினா வீட்டுக்கு அழகுன்னாங்க. படத்துக்குத் தகுந்தாப்ல வீட்டை மாத்தணும்னு யாரும் சொல்லல. இப்ப இந்த ரூம்ல பொருந்தாம இருக்குறது நான் ஒருத்தன்தான்.”

மூக்குத்தி

ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை. கத்தோலிக்க வேதக்காரர்கள். அவர்கள் வீட்டு மாதா படம் மழையில் ஒழுகின சுவரோடு சேர்ந்து நனைந்து, முகமே போய்விட்டிருந்தது. அதே மாதிரி புதிதாகப் பலகையில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். நான் அதுவரை மாதாவை எழுதியதில்லை. நீல முக்காடு, கையில் குழந்தை, எல்லாவற்றையும் அந்த டீச்சரம்மா பொறுமையாகச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். ஒரு மாதம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

வாங்கிப் போக அவர்கள் வந்து நின்ற பிறகுதான் மச்சான் என் முழங்கையை இடித்தார். இத்தனை வருஷமாக லட்சுமிக்கும் மீனாட்சிக்கும் எழுதிய கை, மாதாவுக்கும் ஒரு மூக்குத்தி வைத்துவிட்டிருந்தது. சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி, அதன்மேல் ஒளிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. “ரெண்டே நாள் குடுங்க, எடுத்துடுறேன்” என்றேன். கணவருக்குக் கவலை. ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து படத்தை மந்திரிப்பதாக இருந்தது. “சாமியார் பார்த்தா என்ன சொல்லுவாரோ” என்று மனைவியைப் பார்த்தார். டீச்சரம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூக்கிலும் சிவப்புக் கல்தான். பிறகு என்னிடம் சொன்னார்: “எங்க ஊருக்கு மாதா வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. இத்தனை நாளா மூக்குக் குத்தாம வச்சிருந்தது எங்க தப்புங்க. இருக்கட்டும்.”

ராவுத்தர் கொண்டுவந்த கண்ணாடி

எங்களுக்குக் கண்ணாடி கொடுத்தவர் புதுக்கோட்டையில் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர். கண்ணாடியில் ஒரு சின்னக் குமிழ் இருந்தாலும் எங்களுக்குத் தர மாட்டார். ஒரு தடவை கல்யாணச் சீர் வரிசைக்கு ஒரு மகாலட்சுமி படம். மாலை நாலு மணிக்குப் பெண் வீட்டிலிருந்து சீர் கிளம்ப வேண்டும். காலை பத்து மணிக்கு மச்சான் கடைசி ஆணியை அடித்தார். கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா வீடு வீடாக அப்பளம் போட்டுக் கொடுத்து நடத்துகிற கல்யாணம். சீரில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள அந்தப் படம் ஒன்றுதான். மச்சான் சட்டையைக்கூட மாற்றாமல் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

அந்த அளவில் ராவுத்தர் கடையில் கண்ணாடி இல்லை. திருச்சியிலிருந்து லோடு வர மூன்று நாள் ஆகும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு மணி பஸ்ஸில் மச்சானோடு ராவுத்தரே இறங்கினார், ஜமுக்காளத்தில் சுற்றிய கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு. அவரே உட்கார்ந்து வைரத்தால் கீறி அளவாக வெட்டினார். படத்தில் பொருத்திப் பார்த்தோம். கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி அமர்ந்தது. வெட்டி எடுத்த மிச்சத் துண்டின் ஓரத்தில் பித்தளைக் கீலின் தடம் இருந்தது. “இது எதுலருந்துங்க?” என்று கேட்டேன். அவர் வீட்டு அலமாரிக் கதவு. அவர் மனைவி சிங்கப்பூர்ப் பீங்கான் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிற அலமாரி. ராவுத்தர் ஜமுக்காளத்தை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: “தட்டுல தூசி விழுந்தா கழுவிக்கலாம். கல்யாணத்துக்குப் போற மகாலட்சுமியைக் கழுவ முடியுமா?”

கன்னம்

ஒரு ஆச்சி வெண்ணெய்க் கிருஷ்ணன் எழுதச் சொல்லியிருந்தார். திருமயத்துக்குத் தெற்கே பெரிய வீடு. செட்டியாருக்கு மலாயாவில் தொழில். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், குழந்தை இல்லை. எழுதத் தொடங்கியதிலிருந்து வாரம் ஒரு நாள் ஆச்சி வந்துவிடுவார். கிருஷ்ணனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: “கன்னம் இன்னுங் கொஞ்சம் வேணும் படக்காரரே. இம்புட்டு வெண்ணெய் தின்ன பிள்ளை மாதிரியா இருக்கு?” நான் கன்னத்தை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் கண் எழுத இடம் இருக்குமா என்று மச்சான் கவலைப்படுகிற அளவுக்கு ஏறிவிட்டது. ஆச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வருஷம் கழித்து அதே படத்தோடு ஆச்சி காரில் வந்து இறங்கினார். கூடவே ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கறுப்பு, நல்ல ஒல்லி, தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. சுவீகாரம் எடுப்பதை அந்தப் பக்கம் பிள்ளை கூட்டுவது என்பார்கள். பங்காளி வீட்டிலிருந்து அவனைப் பிள்ளை கூட்டியிருந்தார்கள். அவனை மச்சானோடு மரச் சீவல் பார்க்க அனுப்பிவிட்டு ஆச்சி என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் படத்தைப் பார்ப்பார்களாம், அப்புறம் பையனைப் பார்ப்பார்களாம், உச்சுக் கொட்டுவார்களாம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன், வயிறு கொள்ளாமல் வாந்தி எடுத்துவிட்டான். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, “அந்தச் சாமி மாதிரி ஆகலேன்னா என்னையத் திருப்பி அனுப்பிருவீங்களா ஆத்தா?” என்று கேட்டிருக்கிறான். ஆச்சி படத்தை என் பக்கம் நகர்த்தினார். “நாந்தானே கன்னம் கன்னம்னு கேட்டு வாங்குனேன். கொறைக்க முடியுமா படக்காரரே?”

திறந்த கண்ணில் தூரிகை வைப்பதில்லை என்ற வழக்கத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மீறினேன். நகையும் தங்கமும் அப்படியே இருக்க, முகத்தை மட்டும் சுரண்டி எடுத்தேன். பையனை நான்கு நாள் காலையில் அதே ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். முதல் நாள் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மச்சான் வெண்ணெய் தடவி ஒரு பன் வாங்கிக் கொடுத்ததும் ஆடிக்கொண்டே உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தே எழுதி, கன்னத்தைக் குறைத்தேன். நிறத்தையும் கறுப்பாக்கினேன், கிருஷ்ணனுக்கு அது ஒன்றும் புதிது இல்லையே. ஐந்தாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கண் திறந்தேன். பையன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, சாமியைப் பார்த்தான், தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான், பல் தெரியச் சிரித்தான். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இப்பச் சரியா இருக்கு படக்காரரே. இனி இவன் சாப்பிட்டு ஒடம்பு ஏறினான்னா சாமியையும் தூக்கிட்டு வாரேன், அவருக்கும் ஏத்திக் குடுத்துருங்க.”

இத்தனை வருஷத்தில் வந்தவர்கள் எல்லாரும் சாமி நன்றாக இருக்கிறார் என்றார்களே தவிர படம் நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை, அது எனக்குப் பாராட்டா இல்லையா என்று நானும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.